நாலாவது மாடிக் கதவு

"தொறக்க மாட்டேன்! முப்பத்தொரு வருஷமா இருக்கிற வீடு. முடிஞ்சா உடைச்சுக்கிட்டு உள்ள வாங்க!"

ரெமெய் உள்ளேயிருந்து போட்ட சத்தம் நாலு மாடிப் படிக்கட்டிலும் எதிரொலித்தது. பார்சலோனா சந்தையில் மீன் விற்கிறவள், தொண்டைக்குப் பஞ்சமில்லை.

கட்டடத்தை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியிருந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கொள்ளை லாபம். மற்ற ஏழு வாடகைக் குடித்தனக்காரர்களும் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். இவள் மட்டும் அசையவில்லை. இன்று பகல் பன்னிரண்டுக்குள் இவளை வெளியேற்றும்படி நீதிமன்ற உத்தரவு.

"அம்மா, கொஞ்சம் ஒத்துழைங்க," வெளியே நின்ற நீதிமன்ற அதிகாரி அர்னாவுவின் குரல் கெஞ்சியது. "பூட்டுக்காரர் வந்திருக்காரு. அஞ்சு நிமிஷத்துல தொறந்துடுவாரு."

"தொறக்கட்டும், பார்க்கலாம்! ஏய்யா பூட்டு, அடுத்தவ குடியைக் கெடுத்துச் சம்பாதிக்கிற காசு உனக்குச் செரிக்குமா?"

துளைபோடும் மெஷின் உறுமியது. ரெமெய் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். வாய் ஓயவில்லை.

முக்கால் மணி நேரம் போனது.

"என்னப்பா ஃபெரான், இன்னுமா?" அர்னாவு பூட்டுக்காரனை அவசரப்படுத்தினார்.

"பழைய காலத்து இரும்பு சார். மெஷின் முனையே மூணு உடைஞ்சுபோச்சு."

"அப்படிப் போடு!" ரெமெய் கைதட்டினாள். "பூட்டுக்கு இருக்கிற ரோஷம்கூட உனக்கு இல்லையேடா!"

கீழே தெருவில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளுக்கு ஆதரவாகக் கரண்டியால் சட்டிகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்ததே சரியாகக் கேட்கவில்லை.

"உன்னை மாதிரி ஒரு பூட்டுக்காரனை நான் பார்த்ததே இல்லை," அர்னாவு எரிந்து விழுந்தார். "நேரம் முடிஞ்சுது. இனி புதுத் தேதி வாங்க மூணு மாசம் ஆகும்."

அவருடைய காலடிச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது.

"மூணு மாசம் கழிச்சு வாங்க! அப்பவும் இங்கதான் இருப்பேன்!" கத்திய வேகத்தில் ரெமெய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெளியே இன்னும் கருவிகளைப் பையில் போடும் சத்தம். "ஏய் பூட்டு! தொழில் தெரியாத உன்னை அனுப்பினானே, அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும். நாளைக்குச் சந்தைக்கு வா, ஒரு கிலோ மத்தி சும்மா தரேன்!"

வெளியே யாரோ மெல்லச் சிரித்தார்கள். கதவின் அடி இடுக்கு வழியாக ஏதோ சரக்கென்று வழுக்கி வந்து அவள் காலில் இடித்தது.

அவளுடைய சாவி.

"காலையில அவசரத்துல பூட்டோட வெளிப்பக்கமே விட்டுட்டு உள்ள போயிட்டீங்கக்கா," என்றான் ஃபெரான். "நல்லவேளை, சாருக்குப் படியேறினா மூச்சு வாங்கும். நான்தான் முதல்ல வந்தேன்."