இருபது நிமிடம்

வாசுகியின் அஸ்தியைக் கரைக்க ராமேசுவரம் போய்க்கொண்டிருந்தோம். கலசம் என் மடியில் இருந்தது. அவள் தம்பி முகிலன் கார் ஓட்டினான். பரமக்குடி தாண்டியதும் வண்டி ஒருமுறை சாலையோர மண்ணில் இறங்கி ஏறியது.

"கண்ணு சொருகுது அத்தான். ரெண்டு நாளாத் தூங்கல. அக்காவோட மாத்திரை வண்டியிலதான கிடக்கு? ஒண்ணு எடுங்க."

வாசுகிக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் வந்துவிடும் நோய். விழித்திருப்பதற்காகத் தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுவாள். அதையும் மீறித் தூக்கம் வந்தால், "இருபது நிமிஷம், எழுப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாய்வாள். நான் கடிகாரம் பார்த்துத் தோளைத் தொடுவேன்.

"அது அவளுக்குன்னு டாக்டர் எழுதினது. உனக்கு ஆகாது."

"ஒண்ணே ஒண்ணு அத்தான். செத்தா போயிருவேன்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உனக்கு வேண்டியது தூக்கம்தான்டா. ஓரமா நிறுத்து."

ஒரு வேலமரத்தடியில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்ததும் தூங்கிப்போனான். அக்காவைப் போலவே வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் கலசத்தைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் ஆனதும் தோளைத் தொட்டேன்.

முகிலன் எழுந்துகொண்டான்.