கசடு

"மருந்தா இது? மூணு தடவை அடிச்சாச்சு. புழு அது பாட்டுக்கு இலையைத் தின்னுட்டு இருக்கு!"

உரக்கடையில் நின்று கணவர் கத்தினார். கூட வந்த மனைவிக்கு மானம் போயிற்று. வீட்டிலும் இதே புலம்பல்தான்.

"வேற யாரும் குறை சொல்லலீங்களே," என்றார் கடைக்காரர். "மருந்தடிக்கிற பம்ப் அடைச்சிருக்குமோ?"

"அடைக்கவே அடைக்காது. டேங்குக்குள்ள கிடக்கிற குழாய் வாயில நானே வடிகட்டி செஞ்சு கட்டியிருக்கேன்."

"என் டீ வடிகட்டியில, என் புதுத் துப்பட்டாவைக் கிழிச்சு, நாலா மடிச்சு..." என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

"சும்மா இரு! அதனாலதானே இவர் குட்டு உடைஞ்சுது?" கணவர் ஒரு டப்பாவைத் திறந்து மேஜைமேல் ஓங்கி வைத்தார். உள்ளே வெள்ளைச் சேறு. "துணியில தேங்கின கசடு. மருந்துல இவ்வளவு மாவைக் கலந்து விக்கிறீங்க!"

கடைக்காரர் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஐயா, இந்த மருந்து தண்ணியில கரையாது, தூளாவே மிதக்கும். நீங்க கசடுங்கறீங்களே, அதுதான் மருந்து. மொத்தத்தையும் வடிகட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ மூணு தடவையும் புழுவையெல்லாம் குளிப்பாட்டி விட்டிருக்கீங்க!"