பிண வேஷம்

"பாருங்கடி, மகாராணி மறுபடியும் செத்துட்டாங்க!"

யாமிலெத் கிசுகிசுக்க, மற்ற நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஈக்வடாரின் அந்தத் துறைமுக ஆஸ்பத்திரியில் மாதாமாதம் நிலநடுக்க ஒத்திகை நடக்கும். எல்லாரும் ஸ்ட்ரெச்சர் தூக்கி வியர்த்து வழிவார்கள். தலைமை நர்ஸ் தோன்யா எடுவினா மட்டும், இறந்தவர்களுக்கான கறுப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் பிணமாகப் படுத்துவிடுவார்.

"காலையில நாலு வாழைக்காய் உருண்டை உள்ள போயிருக்கும். தூக்கம் வராதா பின்னே?" என்றாள் பெர்நார்தா.

யாமிலெத்துக்கு இது போதாதா? பிணத்தின் தலைமாட்டிலேயே நின்று, இடுப்பில் கை வைத்து, தோன்யாவின் மூக்குக் குரலிலேயே முழங்கினாள்.

"அடியே கழுதைகளா! கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. கத்தாதவன்கிட்ட ஓடுங்கடி!"

அச்சு அசல். பிணம் இமைகூட அசைக்கவில்லை.

ஒருநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நிலம் நிஜமாகவே ஆடியது.

விளக்கு போனது. சுவர் சரிந்தது. நீட்டிய கை தெரியாத புழுதி. நாலாபக்கமும் அலறல். கற்றதெல்லாம் மறந்து, நர்ஸுகள் நின்ற இடத்திலேயே நடுங்கினார்கள்.

யாமிலெத்தின் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. தோன்யா எடுவினா! சாய்ந்த அலமாரிக்கடியில் கால் மாட்டியிருந்தது. புழுதி அடைத்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"என்னை மாதிரி... பேசு."

"முதல்ல உங்களை வெளிய..."

"என் தலைமாட்டுல நின்னு பேசுவியே, அதேதான். பேசுடி!"

யாமிலெத் அதே மூக்குக் குரலில் முழங்கினாள்.

"அடியே கழுதைகளா! கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. கத்தாதவன்கிட்ட ஓடுங்கடி!"

"இதோ தோன்யா!"

இருட்டின் எல்லா மூலையிலிருந்தும் பதில் வந்தது. நடுங்கிய கால்களெல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பெர்நார்தா அலறியவர்களைத் தாண்டி ஓடி, சத்தமே இல்லாமல் கிடந்த ஒரு மீனவரின் வாயிலிருந்து மண்ணை வழித்தெடுத்தாள். அவர் இருமினார்.

யாமிலெத்தின் வாயிலிருந்து வந்த குரலுக்கு ஒரு வார்டே உயிர்த்துக்கொண்டிருந்தது!

சாயங்காலம், ஆஸ்பத்திரி முற்றத்தில், காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த தோன்யாவிடம் யாமிலெத் வெந்நீரை நீட்டினாள்.

"அப்போ... ஒத்திகையில நீங்க தூங்கவே இல்லையா?"

"'ஓடுங்கடி'யை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்," என்று கரகரத்தார் தோன்யா. ஒரு மிடறு குடித்தார். "நான் செத்துட்டா உங்களை யாரு ஓட வைப்பாங்கன்னு வேற எப்படிடி தெரிஞ்சுக்கிறது? நீ குரல் கொடுத்த அப்புறம்தான், நிம்மதியாப் படுத்தேன்."