வியாழன் இரண்டரைக்கு முடிவெட்டு

"இப்ப உள்ளுக்குப் போக ஏலாது தங்கச்சி. பாஸ்டர் தலைமயிர் வெட்டிக்கொண்டிருக்கிறார்."

சலூன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த சபைச் செயலாளர் சசிகரன், காலை நீட்டி வழியை மறித்தபடி சொன்னார்.

சிவாஜினி குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்குக் குடிவந்து நாலு நாள்தான். பாஸ்டரை இன்னும் கண்ணால் கண்டதில்லை. ஊர்த் திருச்சபை தந்த கடிதத்தில் இவர் கையெழுத்து வைத்தால்தான் மகளுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும். பள்ளிக்கூடக் கந்தோர் நாலு மணிக்குப் பூட்டிவிடும். இப்போது மூன்று.

எப்போது முடியும் என்று கேட்டாள். மூன்றரைக்கு என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டாள். இரண்டரைக்கு என்றார்.

"ஒரு மணித்தியாலமோ? கலியாண மாப்பிள்ளைக்கும் அவ்வளவு நேரம் செல்லாதே அண்ணை."

"அவருக்கு அடர்த்தி கூட. கெதியா வளரும். கிழமைக்கு ஒருக்கா வெட்டோணும்."

பாஸ்டரிடம் மருமகளைப் பற்றி முறையிடப் பக்கத்து மதிலில் காத்திருந்த மாமியார் ஒருவரும், காணிச் சண்டைக்காரர் ஒருவரும் ஓம் என்று தலையாட்டினார்கள்.

ஊழியக்காரருக்கு இவ்வளவு சோடனை எதற்கு என்று சிவாஜினி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

சசிகரன் கோபிக்கவில்லை. பெரிய வெள்ளி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாவதைப் பிரசங்கிக்கும்போது பாஸ்டர் மயங்கி விழுந்ததைச் சொன்னார். கிழமைக்கு ஒரு மணித்தியாலமாவது ஒருவரும் இவரிடம் ஒன்றும் சொல்லக்கூடாது, இல்லாவிட்டால் அடுத்த முறை எழும்பமாட்டார் என்று டொக்டர் எச்சரித்தாராம். சபை கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. அறைக்குள் படுக்கவைத்தார்கள், சனம் யன்னலால் கவலை சொன்னது. கடற்கரைக்கு அனுப்பினார்கள், இரண்டு குடும்பச் சண்டையைத் தீர்த்து, மூன்றாவதைக் கையோடு கூட்டிவந்தார். போனை நிறுத்தச் சொன்னார்கள். போன் ஏன் வேலை செய்யவில்லை என்று விசாரிக்க நாற்பது பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

"இஞ்ச மட்டும்தான் ஒருத்தரும் கதை குடுக்கிறேல்லை. முடிவெட்டுற ஹஸன் நானாவுக்குக் கை பிழைச்சிடுமெண்டு பயம்."

மூன்றே கால். கையெழுத்துக்கு ஒரு நிமிடம் போதுமே. சிவாஜினி பொறுக்கமாட்டாமல் சசிகரனின் காலைக் கடந்து, திரைச்சீலைக்கு வெளியே நின்று, "பாஸ்டர்" என்று கூப்பிட்டாள்.

கத்தரிச் சத்தம் நின்றது. கிண்ணியா ஹஸன் திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினார்.

"தங்கச்சி, ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு. இப்ப எழும்பினாரெண்டா நாளைக்கு ஊர் சிரிக்கும்."

திரை மூடிக்கொண்டது. கத்தரி மறுபடி சத்தமிட்டது. அதற்கு நடுவில் மெல்லிய குறட்டை ஒன்றும் கேட்டது.

சிவாஜினி மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்னொரு முறை கூப்பிட வாயைத் திறந்தாள். பிறகு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். சசிகரன் எழும்பிப் போய் அவளுக்காக ஒரு முச்சக்கரவண்டியை மறித்து வைத்தார்.

சரியாக மூன்றரைக்குத் திரை விலகியது. நித்திரை தெளிந்த முகத்தோடு பாஸ்டர் வெளியே வந்தார். கடிதத்தை மதிலில் வைத்து, மகளின் பெயரைக் கேட்டு, கையெழுத்து வைத்தார். காக்க வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

"முடிவெட்ட இருந்தா நேரம் போறதே தெரியாது பிள்ளை."

சிவாஜினி கையெழுத்தைப் பார்க்கவில்லை. பாஸ்டரின் தலையைப் பார்த்தாள். நெற்றி தொடங்கிப் பிடரிவரை ஒரு மயிர்கூட இல்லாத பல வருட வழுக்கை, வெயிலில் பளபளத்தது. சசிகரனும் மற்ற இருவரும் வீதியின் மறுபக்கத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானா வடிவா வெட்டியிருக்கிறார், பாஸ்டர்" என்றாள் அவள். "பின்பக்கம்தான் கொஞ்சம் மிச்சம் கிடக்கு. வாற வியாழக்கிழமையும் கட்டாயம் வாங்கோ."