ஐந்து நிமிடத் தாய்

"அழ வேண்டிய இடத்துல கணக்குப் பாடம் நடத்துறீங்களேம்மா!"

பேச்சுப் பயிற்சியாளர் கையிலிருந்த தாளால் மேஜையைத் தட்டினார். எதிரே நின்ற பெண் மைக்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், விட்டால் ஓடிவிடும் என்பதுபோல.

நாளை சாயங்காலம் தேர்தல் கூட்டம். தலைவர் மேடையேறுவதற்கு முன், மூன்று மாதத்துக்கு முன்பு ரயில் மோதிய பள்ளி வேனில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக ஒருத்தி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதற்கு ஆள் தேர்வு செய்து, தயார்படுத்துவது அவர் பொறுப்பு.

நாடகக் குழுவிலிருந்து நடிகைகளை அனுப்பச் சொல்லியிருந்தார். காலையில் முதலில் படியேறி வந்தவள் இவள்தான். "நாளைக்கு மேடையில பேசறதுக்கு இங்கதான் பாக்கணுமா சார்?" என்று கேட்டாள். அவர் பேச்சைக் கையில் கொடுத்து நிறுத்திவிட்டார்.

அரைமணி நேரமாக அவரை ஒருவழியாக்கிக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, தாளில் இல்லாததையெல்லாம் பேசினாள்.

"அந்த இடத்துல ரயில்வே கேட் இல்ல. மூணு தடவை மனு கொடுத்தோம். மூணாவது மனுவுல நூத்திப் பன்னெண்டு பேர் கையெழுத்து. இன்னிவரைக்கும் கேட் போடல."

"பேப்பரெல்லாம் படிச்சுத் தயாரா வந்திருக்கீங்க, சந்தோஷம். ஆனா மனு, கையெழுத்துன்னு ஆரம்பிச்சா ஜனம் டீ குடிக்க எழுந்து போயிடும்மா."

"கேட்டைப் பத்திச் சொல்லாம வேற என்னத்தப் பேசறது சார்?"

"அதைத் தலைவர் பேசிக்குவாரு."

"பேசுவாரா?"

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். தலைவரின் பேச்சை எழுதியவரும் அவர்தான். 'ரத்தத்தில் நனைந்த தண்டவாளங்களே' என்று அதில் மூன்று இடத்தில் வரும். கேட் என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது.

"சரி, ரெண்டாவது பாராவுலேருந்து வாங்க. பையன் டாட்டா காட்டுற இடம்."

அவள் தாளைப் பார்த்தாள். "பத்து வயசுப் பையன் டாட்டா காட்ட மாட்டான் சார். கூட இருக்கற பசங்க கிண்டல் பண்ணுவாங்க."

"இந்தப் பையன் காட்டுவான். நான் எழுதியிருக்கேன்ல? படிங்க."

படித்தாள். வருகைப் பதிவேடு வாசிக்கும் டீச்சர் மாதிரி, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் கடைசிவரை படித்து முடித்தாள். 'ஐயோ' என்று எழுதியிருந்த இடத்தில் ஐயோ என்று சொன்னாள். அவ்வளவுதான்.

பயிற்சியாளர் நாற்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டு உட்கார்ந்தார். கோபப்பட்டுப் பயனில்லை என்று தோன்றிவிட்டது.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காம்மா?"

"இருக்கான் சார்."

"அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா எப்படி இருக்கும்? ஒரு நிமிஷம் கண்ணை மூடி நெனச்சுப் பாருங்க."

"அதைத்தான் சார் தினமும் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்புறமும் கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலையே!"

அவள் குனிந்து மைக்கின் வயரைப் பார்த்தாள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொருத்தி வேகமாக உள்ளே வந்தாள். "சாரி சார், ஒத்திகை முடிய லேட்டாயிடுச்சு." தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றவாக்கிலேயே பேச்சை ஒருமுறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

பிறகு மைக்கை வாங்கினாள்.

'டாட்டா காட்டினானே' என்ற இடத்தில் அவள் குரல் நூலிழையாக இறங்கியது. 'ஐயோ' அடிவயிற்றிலிருந்து வந்தது. பக்கத்து அறையில் நோட்டீஸ் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கும் பயிற்சியாளருக்கே கண் கலங்கிவிட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இது போதுமா சார்? இன்னும் கொஞ்சம் ஏத்தணுமா?"

"போதும் போதும். அப்படியே நாளைக்கு வந்து நில்லுங்க. தலைவரே அழுதுடுவாரு!" என்றவர், முதலில் வந்தவள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா? இதுதான் தாய். தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு இது வராது."

"எனக்கும் தெரியுது சார்," என்றாள் அவள். "நாளைக்கு அவங்களே பேசட்டும்."

கையிலிருந்த தாளை நாலாக மடித்து மேஜை ஓரத்தில் வைத்தாள். கதவுவரை போனவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து நடிகையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா அழறம்மா. கூட்டம் மொத்தமும் நீ சொல்றதைக் கேக்கும். அந்தக் கேட் விஷயத்தை மட்டும் எப்படியாவது நடுவுல சொல்லிடு. சார் வேணாம்னாலும் சொல்லிடு."

நடிகை பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கி, வேண்டாமென்று தலையசைத்தார்.

"அது இல்லாமலே நல்லாத்தானே இருக்குக்கா? அது எதுக்கு நடுவுல?"

"பெரியவன் போன வழியிலதாம்மா சின்னவன் தினமும் பள்ளிக்கூடம் போறான்."