படம் என்ற குறிப்பு

பார்வையில்லாத ரோஸ்லினின் கைபேசியில் ஒரு குரல் இருந்தது. வருவதையெல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டுவது அதன் வேலை. அன்று அவள் குழந்தைக்குக் கடும் காய்ச்சல். எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்ற குறிப்பை மருத்துவமனை அனுப்பியிருந்தது.

"படம்," என்றது குரல்.

குறிப்புக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னையா படம் என்கிறாய்? டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதே!"

"இருக்கலாம். ஆனால் உன்னைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு டைப் செய்த எழுத்தைத்தான் படிக்கத் தெரியும்."

"அப்படியென்றால் பார்த்துத் தெரிந்துகொள்."

"பார்க்க முடியாதவளுக்காகத்தானே நான் இருக்கிறேன்."

குழந்தை முனகியது. ரோஸ்லின் வீட்டிலிருந்த இரண்டு மருந்து பாட்டில்களையும் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "சிஸ்டர், அதை டைப் பண்ணி அனுப்புங்க."

கொஞ்ச நேரத்தில் முத்திரை எதுவும் இல்லாமல் ஒரு வரி வந்தது.

"இவ்வளவுதானா?" என்று இளப்பமாகக் கேட்டது குறிப்பு.

குரல் அதற்குள் படிக்கத் தொடங்கியிருந்தது. "சின்ன பாட்டில் மட்டும். ஒரு மூடி."

ரோஸ்லின் பெரிய பாட்டிலைத் தள்ளி வைத்தாள்.

"இதேதான் என்னிடமும் இருக்கிறது," என்றது குறிப்பு மெதுவாக.

குழந்தை மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தது.