அப்பா பெயர்

நர்ஸ் இரத்தப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பையின் மேலிருந்த எழுத்து உள்பக்கம்.

"பேஷன்ட் பேரச் சொல்லுங்கம்மா."

"முத்துப்பேச்சி."

மகள் கண் திறக்கவில்லை. காலையில் லாரி தட்டிவிட்டது. வாயில் குழாய். உதட்டில் நிறமே இல்லை.

"அப்பா பேரு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவிய இல்ல சிஸ்டர். தவறிட்டாவ."

"இல்லாட்டியும் பேரு வேணும்மா. நான் படிச்சு நீங்க தலையாட்டக் கூடாது. நீங்களாத்தான் சொல்லணும். இப்ப அதான் ரூல்."

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவளும் வாயைத் திறந்ததில்லை. ரேஷன் கடையோ பேங்கோ, யார் கேட்டாலும் மகளை முன்னால் தள்ளிவிடுவாள். அந்தப் பொடிசு, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அப்பா பெயரைக் கத்திச் சொல்லும்.

புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றைக்கு மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

இதே மாதிரி ஒரு வார்டு. வயிற்றுப் புண் உடைந்து, இரத்தம் போய், அரைமயக்கத்தில் கிடந்தார் அவர். பக்கத்துக் கட்டில்காரரை ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் கட்டிலுக்கு மேலேதான் ஃபேன் ஓடியது. கொஞ்ச நேரம் காற்று வரட்டும் என்று அவரை அதில் மாற்றிப் படுக்க வைத்தாள்.

பையோடு வந்த நர்ஸ் பெயர் கேட்டாள்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, வீட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டீங்க" என்று கட்டில் நம்பரைப் பார்த்து மாட்டிவிட்டுப் போனாள்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த இரத்தம். குரூப் வேறு.

"குளுருது" என்றார் அவர்.

அவள் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

தான் சிரித்த அந்தச் சிரிப்பை இன்றுவரை அவளால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, சொல்லுங்க. பிள்ளைக்கு ஏத்தணும்."

அவள் மகளைப் பார்த்தாள். எப்போதும் முந்திக்கொண்டு சொல்கிறவள் குழாயோடு கிடந்தாள்.

"சுடலைமுத்து."

வாய்க்குப் பழக்கமில்லாத பெயர். பாதியிலேயே குரல் உடைந்தது.

நர்ஸ் பையைத் திருப்பிப் பார்த்தாள். மகளின் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தாள். இன்னொரு நர்ஸ் வந்தாள். அவளும் அதையே கேட்டாள்.

"சுடலைமுத்து."

இந்த முறை உடையவில்லை.

இரத்தம் சொட்டு சொட்டாக இறங்க ஆரம்பித்தது. முதல் நர்ஸ் நகராமல் பக்கத்திலேயே நின்றாள். அம்மா மகளின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். நடுக்கம் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இனி யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லை.

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.